சிரிப்பிலும் சீனியாரிட்டி

அலுவலகத்தில் நகைச்சுவை பெருகினால் ஏற்றத்தாழ்வு மறையும் என்று பயிற்சி வகுப்பு எடுப்பவர்கள், சமூகவியலாளர் ரோஸ் கோசர் 1960இல் வெளியிட்ட ஆய்வைப் புரட்டலாம். அமெரிக்க மனநல மருத்துவமனை ஒன்றின் ஊழியர் கூட்டங்களில் அவர் எண்ணிய ஜோக்குகள் 103. அவற்றில் 99 ஆண்கள் அடித்தவை. பெண்களுக்கு ரசனை இல்லையோ? விழுந்து விழுந்து சிரித்தார்களே! (அதுவும் ஒரு வேலைதான், சம்பளப் பட்டியலில் வராது.) மூத்த மருத்துவர்களே அதிகம் ஜோக் அடித்தார்கள். அனுபவம் கூடினால் நகைச்சுவையும் கூடாதா என்பீர்கள். கூடட்டும், ஆனால் கிண்டல் ஏன் மேலிருந்து கீழேயே பாய வேண்டும்? எதிரே இருந்த மூத்தவரை இளையவர் ஒருமுறைகூடச் சீண்டவில்லை. வாயில்லாப் பூச்சிகளும் அல்லர் அவர்கள்: நோயாளிகளையும் தங்களையும் தாராளமாகக் கேலி செய்தார்கள். நோயாளிக்குக் கீழே யாரும் இல்லாததால் ஜோக் அங்கேயே நின்றது.