குதிரை ஏத்தப் போறாராம் மாப்ள

மாருதி 800-ஐ ரேஸ் காராக்கப் போறேன்னு நீ கிளம்பின சேதி ஊரு முழுக்கப் பரவிருச்சு மாப்ளே. நீ யார்ட்டயும் வாயத் திறக்கல, எனக்குத் தெரியும். உன் சைலன்சர்தான் வீடு வீடாப் போயிச் சொல்லிருச்சு. நேத்து ராத்திரி நீ பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது உங்கத்தை பதறி எந்திருச்சு உக்காந்து, "எந்த ஃபேக்டரிங்க?"ன்னு கேட்டா. நம்ம ஊருல அந்தக் கேள்விய யாரும் விளையாட்டுக்குக் கேக்குறதில்ல.

சரி, மருமகன் ஆசைப்பட்டுட்டாரு. மாமன்காரன் குறுக்க விழுந்தா நல்லாவா இருக்கும்? நான் தடுக்க மாட்டேன். பட்டாசு ஃபேக்டரியில ஃபோர்மேனா இருந்து, மருந்து எப்ப எரியும், எப்ப வெடிக்கும்னு பாத்துப் பாத்தே தலை நரைச்சவன் நான். உன் எஞ்சினுக்குள்ள நடக்குறதும் அதே தொழில்தான். அதனால நீ கேக்காட்டியும் சொல்லுவேன். கேட்டா வேற, பீஸ் வாங்க வேண்டியதாப் போயிரும்.

மொதல்ல அந்தச் சத்தத்துக்கு வருவோம். ராக்கெட்டு சீறிக்கிட்டே மேல போகுது. அணுகுண்டு அம்புட்டுச் சத்தம் போட்டும் வச்ச இடத்துலதான் கிடக்கு. ரெண்டுல உன் வண்டி எதுன்னு நீயே முடிவு பண்ணிக்க. வெடிக்கிற பட்டாசுக்கே நாலு மீட்டர் தள்ளி நின்னு அளந்தா 125 டெசிபலுக்கு மேல போகக் கூடாதுன்னு 1999-லயே கணக்குப் போட்டு வச்சிருக்கான் சர்க்காரு. தீபாவளிக்கு ஒரு நாள் வெடிக்கிற சாமானுக்கு அந்தப் பாடு. துரை தெனமும் தீபாவளி கொண்டாடுறாரு.

ஃப்ரீ ஃப்ளோன்னு அந்த ஓட்டைக் குழாயை மாட்டுனதுக்கு அப்புறம், வேகத்தடை தாண்டி ரெண்டாவது கியர்ல ஏறையில வண்டி முக்குதா இல்லையா? நெஞ்சுல கை வச்சுச் சொல்லு. இந்த எஞ்சின் இழுக்குற இழுப்பெல்லாம் 2,500 சுத்துலயே வந்துரும். ஊருக்குள்ள ஓட்டுறவனுக்குன்னே பண்ணுன வண்டி அது. நீ பின்னாடி வாசலை அகலமாக்கிட்டே. முன்னாடி கார்புரேட்டர் ஜெட்டு பழைய அளவுலயே நிக்குது. அதுனால கலவை கெட்டு, கீழ்ச் சுத்துல இருந்த இழுப்பும் போச்சு. காசு குடுத்து நாலு குதிரையை வித்துட்டு வந்த மொத ஆளு நீதான்.

அப்புறம் போன்ல ஒரு வீடியோ காட்டுனியே, ரீமேப்பு! லேப்டாப்பைச் சொருகுறான், பத்து நிமிசத்துல குதிரை ஏறிருது. பாக்க எனக்கே ஆசையாத்தான் இருந்துச்சு. அது வண்டியோட கம்ப்யூட்டர்ல கம்பெனிக்காரன் எழுதி வச்ச கணக்கைத் திருத்தி எழுதுற வேலை. உன் வண்டி 1998 மாடல், கார்புரேட்டர் வச்சது. திருத்தி எழுத அதுல மூளையே கிடையாது மாப்ளே. ஓட்டுறவர்கிட்டயாவது இருக்கும்னு நம்பி வித்துட்டான்.

இப்ப மருந்துக் கணக்குக்கு வா. வெடியுப்பு, கந்தகம், கரி. இதுல எரியுறது கரியும் கந்தகமும். எரியக் காத்து குடுக்குறது உப்பு. அதனாலதான் காயிதத்துக்குள்ள இறுக்கிச் சுத்தி வச்சாலும் பட்டாசு எரியுது. வெளிக் காத்து அதுக்கு வேண்டாம். உன் பெட்ரோலுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரியணும்னா கிட்டத்தட்ட 14.7 கிலோ காத்து வேணும். அதை எஞ்சினே உறிஞ்சியாகணும். உன் எஞ்சின் மூணு சிலிண்டரும் சேந்து 796 சிசி. ஒரு மூச்சுக்கு அம்புட்டுதான் கொள்ளும். பெரிய ஜெட்டு போட்டுப் பெட்ரோலைக் கொட்டுனா குதிரை வராது. சைலன்சர்ல மை வரும். உப்பு பத்தலைன்னா கரி கரியாவேதான் நிக்கும்.

அப்ப காத்தைக் கூட்டணும். கூட்டுறதுக்கு வழி உண்டு: வேற கேம் ஷாஃப்ட்டு, பெரிய வால்வு, டர்போ. மதுரையில போயி 800-க்கு ரேஸ் கேம் இருக்கான்னு கேட்டுப் பாரு. கடைக்காரரு உன்னையவும் உனக்குப் பின்னாடி நிக்கிற கஸ்டமரையும் மாறி மாறிப் பாப்பாரு. நம்ம மாநிலத்துல சாமானுக்கா பஞ்சம்? மெட்ராஸ் செம்பியத்துல இந்தியா பிஸ்டன்ஸ் இருக்கு. வால்வுக்கு ரானே இருக்கு. ஆனா கடைக்கு வர்றதெல்லாம் கம்பெனி அளவு சாமான். தேஞ்சதை மாத்தத்தான் அது, மிஞ்சுறதுக்கு இல்ல.

ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்குதேன்னு மொறைக்காத. சிலிண்டர் 68.5 மில்லி. அரை மில்லி கூடப் போட்டுப் போரிங் பண்ணுனா 69. ஸ்ட்ரோக்கு 72. பெருக்கிப் பாரு, 808 சிசி வரும். அம்புட்டுச் செலவுக்கும் உனக்கு 12 சிசி லாபம். இருமல் மருந்து ரெண்டு ஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லட்டா? உன் வண்டிக்கு ஜப்பான்ல ஒரு ஒண்ணுவிட்ட அண்ணன் இருந்தான். 1986-ல இருந்து நம்ம நாட்டுல ஓடுன 800 இருக்குல்ல, அது சுசுகி ஆல்ட்டோவோட கூடு. அதே கூட்டுல 1987-ல ஆல்ட்டோ வொர்க்ஸ்னு ஒண்ணு விட்டான். எஞ்சின் வெறும் 543 சிசி, உன்னோடதைவிடச் சின்னது. டர்போவும் ரெட்டைக் கேமும் போட்டு 64 குதிரை எடுத்துட்டான். உன்னோடது 37. இதைச் சொல்லாம இருந்திருக்கலாம். இப்ப உன் கண்ணுல ஒரு வெளிச்சம் தெரியுது, அதைக் கொஞ்சம் அணைச்சுட்டுக் கேளு. அவன் டர்போவைத் தனியா மாட்டல. பிஸ்டன், ஹெட்டு, ஆயில், பெட்ரோல் எல்லாத்தையும் அதுக்குத் தக்கனத்தான் பண்ணுனான். டர்போ காத்தை அமுக்கி உள்ள தள்ளும். அதனால எஞ்சினோட சொந்த அமுக்கத்தைக் குறைச்சு வைக்கணும். நீ என்னடான்னா ஒரு பக்கம் ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை ஏத்துவேங்கிற, மறுபக்கம் டர்போ மாட்டுவேங்கிற.

ரெண்டும் சேந்தா என்ன ஆகும்? எரியுறது வேற, வெடிக்கிறது வேற. எங்க தொழில்ல இந்த வித்தியாசம் தெரியாதவன் ரொம்ப நாள் இருக்க மாட்டான். பிளக்குல பொறி விழுந்ததும் நெருப்பு ஒரு ஓரத்துல தொடங்கி மறு ஓரத்துக்கு வரிசையாப் பரவணும். அமுக்கமும் சூடும் மிஞ்சிப் போச்சுன்னா, நெருப்பு போய்ச் சேருறதுக்கு முன்னாடியே அந்த ஓரத்துல இருக்கிற கலவை தானாப் பொட்டுனு வெடிச்சுரும். வெளிய டிக்கு டிக்குன்னு கேக்கும். உன் மெக்கானிக் அதை நாக்கிங்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருவான். பிஸ்டன் தலையில ஓட்டை விழுந்த பெறகுதான் திரும்பி வருவான்.

கையில சாமான் இல்லாமலே இதே எஞ்சினை வச்சுப் பந்தயம் விட்டவரு நம்ம கோயமுத்தூருல இருந்தாரு. கரிவரதன். அந்தக் காலத்துல பந்தயம்னா மெட்ராசுக்கு வடக்க சோழவரந்தான். சண்டைக் காலத்துல போட்ட விமான ஓடுபாதை அது. பாதி வண்டி தரையில ஓடும், பாதி வண்டி தரையைத் தோண்டும். அப்புறம் 1990-ல இருங்காட்டுக்கோட்டையில சரியான டிராக்கு வந்துச்சு. கரிவரதன் என்ன பண்ணுனாரு தெரியுமா? ஃபார்முலா மாருதின்னு ஒத்தை ஆளு உக்காருற ரேஸ் காரு கட்டுனாரு. எஞ்சின் இதே மாருதி 800 எஞ்சின்தான். நரேன் கார்த்திகேயன்கூட இந்த வண்டியை ஓட்டித்தான் நம்ம ஊருப் பந்தயத்துக்குள்ள வந்தாரு. அப்புறம் 2005-ல ஃபார்முலா 1-க்கே போயிட்டாரு. கரிவரதன் அதைப் பாக்க இல்ல. 1995-லயே சின்ன விமானம் விழுந்து தவறிட்டாரு. செட்டிபாளையத்துல அவரு பேருல டிராக்கு இருக்கு.

அவரு மூளை எங்க வேலை செஞ்சுச்சுன்னு பாரு. எஞ்சினைப் பெருசாக்கிப் பெருமை தேடல. எஞ்சினைச் சுத்தி இருந்த காரைத் தூக்கி எறிஞ்சுட்டாரு. கதவு, கண்ணாடி, பின்சீட்டு, கூரை, எதுவும் கிடையாது. ஒரு குழாய்க் கூடு, ஒரு சீட்டு, நாலு சக்கரம். சொமக்கிற எடை குறைஞ்சா, இருக்கிற குதிரையே பறக்கும்.

இப்ப நீ போட வேண்டிய கணக்கு இதுதான். வண்டி சுமாரா 650 கிலோ. நீ ஒரு 70 கிலோ. சேந்தா 720. ஆனா நீ என்னைக்குத் தனியாப் போயிருக்க? உன் கூட்டாளிங்க மூணு பேரு எப்பவும் கூட. ஆளுக்கு 70-ன்னு மரியாதையா வச்சாலும் மொத்தம் 930 ஆச்சு. அந்த மூணு பேரையும் ஆமத்தூர் விலக்குல இறக்கிவிட்டுப் பாரு: எஞ்சின்ல 11 குதிரை ஏத்துன வேகம் வரும். ஒரு பைசா செலவில்ல. அதுவும் விருதுநகருக்குப் போகையில உள்ள கணக்கு. திரும்பி வரையில ஆளுக்கு ஆறு எண்ணெய் புரோட்டா உள்ள இருக்கும். அதை நான் இன்னும் சேக்கல. உன் வண்டிக்கு இந்த ஜில்லாவுலயே கிடைக்கிற ஒரே ரேஸ் சாமான் பசிதான்.

மாருதி ஜென் எஞ்சினைத் தூக்கி 800-ல வைக்கிறாங்களேன்னு அடுத்து கேப்ப. வைக்கிறான், ஓடவும் ஓடுது. ஆனா ஆர்சி புக்குல ஒரு எஞ்சின் நம்பரு இருக்கு பாரு, அது உன் ஜாதகம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து மாறக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிருச்சு. எஞ்சின் மாத்துறதா இருந்தா ஆர்டிஓகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். வாங்காம மாத்துனா, அதே வருசம் வந்த திருத்தப்படி ஒரு மாத்தத்துக்கு 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும். மாத்தத்துக்கு இம்புட்டுன்னு பீஸ் ரேட்டுல போட்டிருக்கான், கவனிச்சியா? எங்க ஃபேக்டரியிலகூட அப்படித்தான் கூலி குடுப்பாங்க, இங்க நீ குடுக்கணும். 15 வருசம் தாண்டுன வண்டி வேற. எஃப்சிக்குக் கொண்டு போயி நிப்பாட்டுன அன்னைக்கு இன்ஸ்பெக்டர் மொதல்ல உன் சைலன்சரைத்தான் விசாரிப்பாரு.

பிரேக்கைப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசல, நானும் பேசல. நாலுவழிச் சாலையில எட்டூர்வட்டம் டோல்கேட்டுல நிப்பாட்டணும்ல, அப்ப அதுவே உன்கிட்டப் பேசும்.

இம்புட்டும் கேட்டு மூஞ்சி தொங்கிப் போச்சே. சரி, நெசமாவே ஒரு வேலை சொல்றேன். உன் எஞ்சின் 37 குதிரைன்னு சொன்னேன்ல, அது 1998-ல. இன்னைக்கு அதுல எத்தனை குதிரை உயிரோட இருக்கோ! ஓடிப் போனதைப் பிடிச்சுக் கட்டாம புதுசு வாங்க அலையுற. கம்ப்ரஷன் கேஜ் வச்சு மூணு சிலிண்டரையும் அளந்து பாரு. மூணும் ஒண்ணாச் சொல்லலைன்னா, அந்தச் சிலிண்டர்ல பிளக்கு ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டுத் திரும்ப அள. முள்ளு ஏறுச்சுன்னா ரிங்கு போச்சு. ஏறலைன்னா பெரும்பாலும் வால்வு.

வால்வுன்னா எனக்குச் சந்தோசம். ஹெட்டைக் கழட்டு. வால்வு உக்காருற சீட்டுல ஒரு பொட்டு கிரைண்டிங் பேஸ்ட்டு தடவு. ரப்பர் கப்பு வச்ச குச்சியை வால்வு தலையில ஒட்டி, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல விட்டு முன்னும் பின்னும் உருட்டு. மொதல்ல கரகரன்னு கேக்கும். உருட்ட உருட்டக் கரகரப்பு போயி வழுவழுன்னு சத்தம் மாறும். அப்பத் தூக்கித் துடைச்சுப் பாரு: வால்வைச் சுத்திச் சாம்பக் கலர்ல ஒரு வளையம், எங்கயும் அறுபடாம, ஒரே அகலத்துல நிக்கணும். அறுபட்டிருந்தா திரும்பவும் உருட்டு. அப்புறம் எல்லாத்தையும் பேஸ்ட்டு போகக் கழுவி மாட்டிட்டு, ஹெட்டைச் சாச்சு வச்சு போர்ட்டுக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்திப் பாத்துக்கிட்டே இரு. வால்வு ஓரத்துல சொட்டுக் கசியக் கூடாது. கையோட மேனிஃபோல்டையும் ஹெட்டையும் கேஸ்கெட்டோட பொருத்திப் பாரு. ஓட்டைக்கு ஓட்டை சேராம உதடு நீட்டிக்கிட்டு நிக்கும். நீட்டுன இடத்தை மட்டும் அரத்தால இழைச்சு விடு. காத்து முட்டாம உள்ள போகும். ரேஸ்காரன் போர்ட்டிங்னு பெரிய பேரு வச்சு வாங்குற காசுல பாதி இந்த வேலைக்குத்தான்.

ஞாயித்துக்கிழமை காலையில கேஸ்கெட் செட்டும், பேஸ்ட்டு டப்பாவும், கம்பெனி சைலன்சரும் எடுத்துக்கிட்டு வா. அந்த ஓட்டைக் குழாயைத் தொண்டர்கள் யாராவது கேட்டா குடுத்துரு, எலெக்சனுக்கு ஆகும். கூட்டாளிங்களைக் கூட்டிட்டு வரலாம், பேஸ்ட்டு உருட்ட ஆளு வேணும். சாயங்காலம் டெஸ்ட் டிரைவு சாத்தூர் வரைக்கும். ஸ்டீரிங்கு என்கிட்ட, காராச்சேவுக் காசு உன்கிட்ட. உங்கத்தை கேட்டா கோயிலுக்குப் போறோம்னு சொல்லு.