மனுவும் வரைபடமும்

ஒரு ஊர் இன்னும் 20 வருஷத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களையே கூப்பிட்டுக் கேட்கும் காலம் வரும் என்று எண்பதுகளின் கடைசியில் யாராவது சொல்லியிருந்தால், கடலூர் மஞ்சக்குப்பத்து மரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்த எங்களில் யாரும் நம்பியிருக்க மாட்டோம். கேட்பது மக்களின் பாடு, பதில் சொல்வது சர்க்காரின் பாடு என்றுதான் அன்றைக்கு உலகம் நடந்துகொண்டிருந்தது. கேட்டதெல்லாம் சின்னச் சின்னவை. தெருவிளக்கு, பட்டா, விதவை உதவித்தொகை, மழை பெய்தால் மூழ்கிப்போகும் பாதைக்கு நாலு வண்டி செம்மண். அடுத்த வாரம் வரைக்குமான கவலையே தலைக்கு மேல் இருந்தவர்களிடம் 20 வருஷத்தைப் பற்றி யார் கேட்பது? இன்றைக்குக் கேட்கிறார்கள். அதில் எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். கேட்கிற விதத்தில்தான் சொல்ல வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது.

நான் மங்கலம்பேட்டைக்காரன். விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரில் கடல் என்பது கருவாட்டுக் கூடையாகத் தலைச்சுமையில் வந்து இறங்கும் ஒரு வாசனை, அவ்வளவுதான். மாசி மகத்துக்கு நாங்கள் விருத்தாசலம் போய் மணிமுத்தாற்றில் குளித்துப் பழமலைநாதரைக் கும்பிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும்போது, அதே நாளில் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து அலைக்கு முன்னால் வரிசையாக நிற்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு, சாமியே தேடிப் போகிற தண்ணீரை நாமும் ஒருநாள் பார்த்துவிட வேண்டும் என்று சின்ன வயதில் ஏங்கியிருக்கிறேன். படிப்பு முடிந்து, வேலை கிடைக்காமல், கையெழுத்து மட்டும் அழகாக இருந்த காரணத்தால் கடலூரில் ஒரு மனு எழுதும் பெரியவரிடம் உதவிக்குச் சேர்ந்தபோதுதான் அந்த ஏக்கம் தீர்ந்தது.

அப்போது தென்னாற்காடு ஒரே மாவட்டம். 1993-இல் விழுப்புரம் தனியாகப் பிரியும் வரைக்கும் திண்டிவனத்துக்காரரும் செஞ்சிக்காரரும் கள்ளக்குறிச்சிக்காரரும் விடியற்காலை பஸ் ஏறி மஞ்சக்குப்பத்துக்குத்தான் வர வேண்டும். திங்கட்கிழமை என்றால் மைதானத்து ஓரமெல்லாம் சோற்று மூட்டையும் மஞ்சள் பையுமாக ஜனம். பெரியவருக்கு முன்னால் ஒரு சாய்வு மேஜை, பக்கத்தில் விருத்தாசலம் செராமிக் பேட்டையிலிருந்து நான் வாங்கிக் கொடுத்த பீங்கான் கிண்ணத்தில் ஸ்டாம்பு ஒட்டுவதற்கு மைதாப் பசை, மரத்திலிருந்து உதிரும் பூவைத் தட்டிவிட்டபடியே அவர் ஒவ்வொருவரையும் முதலில் உட்காரச் சொல்வார். எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் கால் மணி நேரமாவது பேச்சு நடக்கும். எந்த ஊர், என்ன தொழில், பிள்ளைகள் எத்தனை, போன வருஷம் புயலில் என்ன போயிற்று. இதெல்லாம் மனுவில் வராது. ஆனால் இதைக் கேட்காமல் எழுதிய மனு நிற்காது என்பது அவர் கொள்கை. இன்றைக்கு எத்தனையோ படிவங்களை நிரப்பிவிட்டேன், எதிரே உட்கார்ந்து என் ஊரைப் பற்றிக் கேட்ட படிவம் ஒன்றும் இல்லை.

அங்கேதான் சோனாங்குப்பத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருடைய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

“தம்பி, பெருசா ஒண்ணும் வேணாம். நாங்க கருவாடு காயவைக்கிற எடத்துல லாரிய கொண்டாந்து நிறுத்துறாங்க. அது எங்க எடம்னு மட்டும் எழுதிக் குடு.”

“பட்டா இருக்கா அம்மா?”

“மணலுக்கு ஏது தம்பி பட்டா?”

பெரியவர் பேனாவை என் கையில் கொடுத்து, “நாலெல்லையைக் கேட்டு எழுதுப்பா” என்றார். அந்த அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. வடக்கே கோயில், தெற்கே ஐஸ் கம்பெனி, மேற்கே ரெட்டைப் பனை, கிழக்கே கடல். நிலம் வாங்கி விற்கும் பத்திரங்களில் நாலெல்லை எழுதிப் பழகிய எனக்கு, ஒரு பக்கம் முழுக்க அசைந்துகொண்டே இருக்கிற எல்லையை எழுதுவது புதிதாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் உள்ளே வரும், பங்குனி, சித்திரையில் தள்ளிப் போகும் என்று அவரே விளக்கமும் சொன்னார். அதையும் மனுவில் சேர்த்தேன். அந்த வயதில், உலகத்தில் எழுதித் தீராத விஷயமே கிடையாது என்ற தைரியம் இருந்தது எனக்கு. அந்தத் தைரியத்தை இப்போது நினைத்தாலும் அந்தப் பையன் மேல் பிரியமாகவே இருக்கிறது.

அசைகிற அந்த எல்லையை டெல்லியும் அளக்கத் தொடங்கியது 1991 பிப்ரவரியில். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று அறிவிக்கை வந்தது. கடற்கரையை 500 மீட்டருக்குக் கட்டடம் இல்லாமல் காப்பாற்றுங்கள் என்று 1981-லேயே இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார், அது சட்டமாக வரப் பத்து வருஷம் ஆயிற்று. பிறகு 2011-இல் ஒரு அறிவிக்கை, 2019-இல் இன்னொன்று. 2011-இல் வந்ததை நான் பல தடவை படித்திருக்கிறேன், அதில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. கடலோர மேலாண்மைத் திட்டத்து வரைபடத்தில் மீனவக் கிராமங்களைக் காட்ட வேண்டும், அவர்களுடைய பொது இடங்களைக் காட்ட வேண்டும், படகுத் துறை, ஐஸ் தொழிற்கூடம், மீன் காயவைக்கும் இடம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும், குடும்பங்கள் பெருகும்போது தேவைப்படும் நீண்டகால வீட்டுவசதிக்கும் திட்டம் இருக்க வேண்டும், இத்தனையையும் மக்கள் முன்னால் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். சோனாங்குப்பத்து அம்மா இரண்டு ரூபாய் கொடுத்து எழுதச் சொன்னதை இருபது வருஷம் கழித்து அரசிதழே எழுதியிருக்கிறது என்று படித்த அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் நடுவில் 2004 டிசம்பர் 26 சுனாமி வந்து போய்விட்டது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேவனாம்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த வீடுகள் பலவற்றில் வாசலே இல்லை. அடுத்த மார்ச்சில் வந்த அரசாணைப்படி, 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புது வீடு இலவசம், போக மாட்டேன் என்றால் அங்கேயே சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. பயத்திலும் துக்கத்திலும் பலர் போனார்கள். காங்கிரீட் வீடு நல்ல வீடுதான், மழைக்கு ஒழுகாது, அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்தபடியே கடலின் நிறத்தைப் பார்த்து இன்றைக்கு எந்த வலை எடுப்பது என்று முடிவு செய்தவர்கள், அதற்காக விடியலில் தெருத் தெருவாக நடந்து வரும்படி ஆயிற்று. பிறகு 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கடலோரக் கிராமப்புறங்களில், கட்டடம் கூடாத அந்த 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது. கடல் ஆபத்து என்று எங்களை அனுப்பிய தூரத்துக்குள் இனி யார் வந்து கட்டப் போகிறார்கள் என்று தாழங்குடாவில் ஒருவர் என்னிடம் கேட்டார். மீனவர் வீடும் எழலாம், விடுதியும் எழலாம், யாருடைய இடம் எது என்பதை வரைபடம் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் நான் அவருக்குச் சொன்ன பதில். அதனால்தான் இந்தக் கருத்துக் கேட்பு எனக்குச் சாதாரணச் சடங்காகத் தெரியவில்லை.

கடலோர மாவட்டங்களில் 2018-லும் பிறகு 2023-லும் இந்த வரைபடங்கள் மேல் கருத்துக் கேட்டார்கள். ஊர் ஊராக எழுந்த குறை ஒன்றேதான். எங்கள் கிராமத்தின் முழு எல்லை இதில் இல்லை, வலை உலர்த்தும் மணல் இல்லை, கருவாடு காயும் இடம் இல்லை, வருங்கால வீட்டுக்கு இடம் இல்லை, இருக்கிற குறிப்பும் தமிழில் இல்லை. நான் போயிருந்த ஒரு கூட்டத்தில், சுவர் அகலத்துக்கு விரித்த வரைபடத்துக்கு முன்னால் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் விரலை வைத்துக்கொண்டு தன் ஊரைத் தேடினார். நடுக்கடலில் நட்சத்திரத்தைப் பார்த்தே கரை பிடித்த மனிதர். பச்சையும் நீலமும் சிவப்புமாகக் கோடுகள், கீழே பொடி எழுத்து. பேத்தி வந்தாள், கல்லூரியில் படிக்கிற பெண், கைபேசியில் அந்தத் தாளைப் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டினாள், “இங்க இருக்கு தாத்தா, ஆனா நம்ம காளி கோயிலு கோட்டுக்கு வெளிய இருக்கு” என்றாள். அங்கேயே நின்றபடி ஆட்சேபணையைத் தமிழில் தட்டி மின்னஞ்சலில் அனுப்பியும் விட்டாள். மரத்தடி, சாய்வு மேஜை, பசைக் கிண்ணம், என்னைப் போன்ற ஒருவன், எதுவுமே அவளுக்குத் தேவைப்படவில்லை. எவ்வளவு பெரிய வளர்ச்சி இது! அவள் பாட்டிக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கக்கூடும். பேத்தி தானே எழுதுகிறாள். சென்னையில் ஊரூர் குப்பத்து மீனவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஜிபிஎஸ் கருவியோடு மணலில் நடந்து, வலை இழுக்கும் இடமும் படகு நிறுத்தும் இடமும் குறித்துத் தங்கள் வரைபடத்தைத் தாங்களே வரைந்தார்கள்.

போனவையும் உண்டு, அவற்றையும் சொல்லத்தான் வேண்டும். சனிக்கிழமை சாயந்திரம் கடலூர் முதுநகரில் மீட்டர் கேஜ் ரயிலில் ஏறினால், குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி என்று ஒவ்வொரு நிலையத்திலும் வெயில் காலத்தில் ஜன்னல் வழியே முந்திரிப் பழம் வரும், பலாச்சுளை வரும், பெட்டி முழுக்க அந்த மணமும் மீன்காரம்மாக்களின் காலிக் கூடை மணமும் கலந்து, விருத்தாசலத்தில் இறங்கி மங்கலம்பேட்டை பஸ்ஸில் ஏறும்போது என் சட்டையும் அப்படியே மணக்கும். அந்தப் பெட்டியில்தான் நான் கடலூரைப் பற்றி அதிகம் கற்றுக்கொண்டேன். எந்த வருஷம் முகத்துவாரம் தூர்ந்தது, கெடிலத்தில் வெள்ளம் வந்தால் முதலில் எந்தத் தெரு மூழ்கும், உப்பனாற்றில் எப்போதிலிருந்து இறால் குறைந்தது, சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு கிணறு எந்த நிறத்தில் ஊறுகிறது என்பதையெல்லாம் கூடைக்காரம்மாக்கள் ஒருவரோடொருவர் பேசித் தீர்ப்பார்கள். அதைவிட நல்ல கருத்துக் கேட்புக் கூட்டத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் யாரும் அந்தப் பெட்டியில் ஏறவில்லை என்பதுதான் வருத்தம். ரயில் இப்போது அகலப் பாதையில் வேகமாகப் போகிறது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் அடித்துக் கடலோரம் மட்டுமல்லாமல் உள்ளே வெகுதூரம் வரை முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் பக்கத்தில் கேட்டவர்கள் அன்றோடு கேட்பதை விட்டார்கள்.

கேட்காமல் போட்ட திட்டம் என்ன ஆகும் என்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் 45 கிராமங்களைப் பெட்ரோலிய ரசாயன மண்டலத்துக்காக 2017-இல் அறிவித்தார்கள். ஊர்கள் ஒன்றாக எழுந்தன, 2020 பிப்ரவரியில் அந்த அறிவிப்பு ரத்தாயிற்று. அந்த இரண்டரை வருஷத்தில் நிலத்தை விற்கவும் முடியாமல் வீடு கட்டவும் துணியாமல் இருந்த குடும்பங்களின் கவலையை யாரும் திருப்பித் தர முடியாது. முதலிலேயே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒரே சாயந்திரத்தில் தெரிந்திருக்கும்.

கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆனது. மாநகராட்சி என்றால் முழுமைத் திட்டம் வரும், 20 வருஷக் கனவு வரும், தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரைக்கு அழகுபடுத்தல் வரும். வரட்டும், நடைபாதையும் விளக்கும் யாருக்குக் கசக்கும்? 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டத்தை வெளியிட்டுக் குறைந்தது இரண்டு மாதமாவது ஆட்சேபணையும் ஆலோசனையும் பெற வேண்டும். அந்த இரண்டு மாதத்தை எப்போது வைப்பது என்பதைப் பற்றித்தான் எனக்கு ஒரு ஆலோசனை, இதை எழுத்தாகவும் கொடுத்திருக்கிறேன். நான் மனு எழுதிய காலத்தில் மீன்பிடித் தடைக்காலம் என்பதே கிடையாது. பிறகு 45 நாளாக வந்து, இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் இருக்கும், வலை பழுது பார்ப்பார்கள், மாவட்டத்தின் 49 மீனவக் கிராமங்களிலும் கடலுக்குப் போகிறவர்களில் பலர் ஊரிலேயே இருப்பார்கள். ஏசி மண்டபத்தில் மூன்று நிமிஷம் மைக் கொடுப்பதற்குப் பதிலாக, தமிழில் எழுதிய வரைபடத்தை எடுத்துக்கொண்டு அந்த நாட்களில் குப்பத்துக்கு வாருங்கள். வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு மேல், ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதல் நாளே சொல்லிவிட்டு. பெண்கள் ஏலம் முடித்து வரும் நேரத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கருவாட்டு இடத்தின் நாலெல்லை அவர்களுக்குத்தான் தெரியும்.