கடைசித் தேதிக்காரர்

ஜூலை மாதக் கடைசி வாரத்தில் எந்த ஊர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். கையில் மஞ்சள் பை. அதற்குள் பாஸ்புக், ஃபார்ம் 16, எல்.ஐ.சி. ரசீதுகள், பள்ளிக் கட்டணச் சீட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ரேஷன் கார்டு ஜெராக்ஸ். "அஞ்சு நிமிஷ வேலைதான் சார்" என்று உட்காருவார். எழுந்திருக்க ராத்திரி எட்டாகும்.

சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுக்க, முன்பதிவு திறக்கும் நிமிடத்தில் விரலை நீட்டிக் காத்திருப்பவர். வருமான வரிக் கணக்கு என்றால் மட்டும், "எப்படியும் தேதியைத் தள்ளிப் போடுவாங்க" என்பார். 2025இல் அது பலித்தும் தொலைத்தது. தணிக்கை தேவைப்படாதவர்களுக்கான ஜூலை 31 என்ற கெடு, செப்டம்பர் 15க்குப் போனது. அந்த 15ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும்போது இன்னும் ஒரே ஒரு நாள் கூடக் கிடைத்தது. அந்த ஒரு நாளைத் தானே டெல்லிக்குப் போய் வாங்கி வந்ததுபோல் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றான ஃபார்ம் 16 ஜூன் 15க்குள் கைக்கு வந்துவிடும். பிறகு எதற்காகக் காத்திருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. கேட்டால், "லேட்டானா ஐயாயிரம்தானே?" என்பார். வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் 5,000, அதற்குள் இருந்தால் 1,000 ரூபாய் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அடி விழும் இடம் வேறு. கெடு தாண்டினால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே போய்விடும். எல்.ஐ.சி., பி.எஃப். என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஒன்றரை லட்சக் கழிவு, மருத்துவக் காப்பீடு, வீட்டுக் கடன் வட்டி எல்லாம் மஞ்சள் பையிலேயே தங்கிவிடும். ஷேர் மார்க்கெட்டில் விட்ட பணத்தை அடுத்த வருஷ லாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

"பேங்க் வட்டி ஏதாவது உண்டா?" என்று ஆடிட்டர் கேட்பார்.

"அதுக்குத்தான் டி.டி.எஸ். பிடிச்சுட்டாங்களே சார். கணக்கு தீர்ந்துதே!"

தீரவில்லை. வங்கி வட்டியில் முன்கூட்டியே பிடித்த வரி 10 சதவீதம். இவர் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால் மீதியை இவர்தான் கட்ட வேண்டும். ஆடிட்டர் பதில் பேசாமல் ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து திரையைத் திருப்பி வைப்பார். வட்டி, டிவிடெண்ட், விற்ற பங்கு எல்லாம் வரிசை கட்டி நிற்கும். வருமான வரி போர்ட்டலில் யார் வேண்டுமானாலும் தங்கள் கணக்குக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளக்கூடியதுதான் இது. இவரோ முதன்முதலாக அதைப் பார்த்த நாளில் மனைவியையும் கூட்டி வந்திருந்தார்.

"இது எந்த எஃப்.டி.?" என்றார் அந்த அம்மாள், திரையில் விரல் வைத்து. வருமான வரித்துறைக்குத் தெரிந்தது அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு நடந்த விசாரணைக்கு எந்தச் சட்டப் பிரிவும் இல்லை. கேள்விகள் மட்டும் வரித்துறையினுடையதைவிடக் கூர்மை.

வாடகை ரசீதிலும் அவர் கைவண்ணம் உண்டு. பன்னிரண்டு மாத ரசீதும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாயங்காலம். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும் என்றதும், "அவர் கொஞ்சம் கூச்ச சுபாவம் சார்" என்பார்.

துணைக்கு மச்சானும் வந்திருப்பார். ஹார்டுவேர் கடைக்காரர். வருஷ விற்பனை 80 லட்சம். நோட்டு கிடையாது, எல்லாம் ஞாபகம்தான். இத்தகைய சிறு வியாபாரிகளுக்கென்றே அனுமான வருமானத் திட்டம் இருக்கிறது. விற்பனை இரண்டு கோடிக்குள் என்றால் ரொக்க வரவில் 8 சதவீதத்தையும், வங்கி, யு.பி.ஐ. வழி வந்ததில் 6 சதவீதத்தையும் குறைந்தபட்ச லாபமாகக் காட்டினால் போதும். மச்சானுக்கு யு.பி.ஐ.யில் 60 லட்சம், ரொக்கத்தில் 20 லட்சம். ஆக லாபம் 3,60,000 கூட்டல் 1,60,000, மொத்தம் 5,20,000. ஆடிட்டர் இதைப் போட்டுக் காட்டியதும் மச்சான் முகம் மலர்ந்தது. "ஜி.எஸ்.டி.யில எவ்வளவு விற்பனை காட்டியிருக்கீங்க?" என்றதும் கூம்பியது. இரண்டும் பொருந்த வேண்டுமே!

எல்லாம் முடிந்து கணக்கை அனுப்பியாகிவிட்டது. மின்சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. அதைச் செய்யாவிட்டால் தாக்கல் செய்ததாகவே கணக்கில்லை. ஆதாருக்கு ஓ.டி.பி. போயிற்று. ஆதாரில் இருப்பது பழைய நம்பர். அந்த சிம் இப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் மகனிடம். மகன் போனை எடுக்கவில்லை.

"இதை எத்தனை நாளுக்குள்ள பண்ணணும் சார்?"

"முப்பது நாள். அதைத் தாண்டினா, சரிபார்க்கிற அன்னைக்குத்தான் தாக்கல் பண்ணதா எடுத்துப்பாங்க. லேட் ஃபீஸ் கட்டணும்."

"முப்பது நாளா!" என்றார் அவர், பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கியபடி. "அப்ப இருபத்தொன்பதாம் நாள் வரேன் சார்."