பாத்துக் கால வை, தம்பி

வா தம்பி, குந்து. கழுத்துல கேமரா, கையில தண்ணி பாட்டிலு, சாயங்காலம் அஞ்சரை மணி. ஊரூர் குப்பத்தைச் சுத்திப் பாக்கத்தான் வந்துக்கிறேன்னு உன் மூஞ்சியே சொல்லுது. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. மீன்புடி ஊரைப் பாக்கணும்னா விடியக்காலையில வரணும். அந்த நேரத்துக்கு உங்காளுங்களும் வராங்கதான். படகு கரையேறுற எடத்துக்குக் குறுக்கால, தொப்பையக் கரைக்க ஓடிக்கினு.

"முன்ன இது மீனவர் கிராமமா இருந்துச்சாமே"ன்னு கேட்டியே, அதுக்கு என் பேரன்தான் பதில் சொல்லணும். காலையில கடலுக்குப் போயிட்டு வந்து உள்ள அசந்து தூங்கறான். எழுந்தா சொல்றேன், "டேய், நாம 'முன்ன' ஆயிட்டோமாம்டா"ன்னு.

அங்க எங்க போற? பாத்துக் கால வை. மணல் சும்மா காலியா கீதுன்னு நெனைச்சுக்கினு நடக்கிற. இங்க ஒரு சாண் காலி கெடையாது. நீ நிக்கிறது வலை காயப்போடற எடம். அதாண்ட பொம்பளைங்க கருவாடு பரப்புவாங்க. புயல்னு சேதி வந்துச்சுன்னா அத்தினி ஃபைபர் படகையும் மேல இழுத்தாவணும், அதுக்கு அந்தப் பக்கம் வோணும். கல்யாணப் பந்தல், பஞ்சாயத்து, பசங்க கிரிக்கெட்டு எல்லாம் இதே மணல்லதான். பட்டா இருக்கான்னு கேக்காத. கடலுக்கு எந்த ஆபீஸ்ல பட்டா குடுக்கறானோ அங்கயே மணலுக்கும் வாங்கியாறேன். உன் வூட்டு ஹால்ல சோபா இல்லாத மூலையப் பாத்து, "காலியாத்தானே கீது"ன்னு நான் ரோடு போட்டா நீ சும்மா இருப்பியா?

போட வந்தாங்களே! மெரினா கலங்கரை விளக்கத்துலேர்ந்து கொட்டிவாக்கம் வரைக்கும் கடலோரமா தூணு நட்டு மேல ரோடுன்னு ஒரு திட்டம். குப்பத்து சனம் கூடி நின்னு வேணாம்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. அதுக்கும் முன்னால, 1985ல, கட்டுமரமும் வலையும் மெரினாவோட அழகைக் கெடுக்குதுன்னு அப்புறப்படுத்த வந்தாங்க. துப்பாக்கிச் சூடு வரைக்கும் போச்சு, உசிரும் போச்சு. அதை வெச்சு நான் தமாஷ் பண்ணமாட்டேன். ஆனா அன்னியிலேர்ந்து எவனாச்சும் கரைய "அழகுபடுத்தறோம்"னு சொன்னா, நாங்க மொதல்ல படகை எண்ணிப் பாத்துக்கறோம்.

இந்த மணலு மேல உங்க சனத்துக்கு மரியாதை வரது பங்குனி ஆமைக்கு மட்டும்தான். தை, மாசியில ராத்திரியில ஏறி வந்து, குழி தோண்டி, முட்டை போட்டுட்டுப் போயிடும். காலேஜ் பசங்க நீலாங்கரையிலேர்ந்து நடந்தே வந்து முட்டையத் தேடி எடுத்து, வேலி கட்டி வெச்சுக் காக்கறாங்க. நல்ல பசங்க, நான் குத்தம் சொல்லல. "நாமளும் முட்டை போடக் கத்துக்கினா நமக்கும் வேலி கட்டுவாங்களா?"ன்னு எங்க வூட்டுக்காரிதான் கேக்கறா.

வர வழியில எலியட்ஸ் பீச்சுல அந்த வெள்ளை வளைவாண்ட நின்னு படம் புடிச்சிருப்ப. அது யாருக்குக் கட்டினதுன்னு தெரியுமா? ஷ்மிட்டுன்னு ஒரு டென்மார்க்குக்காரரு. 1930ல அலையில மாட்டினவங்களைக் காப்பாத்தப் போயி அவரு போயிட்டாரு. பெரிய மனசு. எங்க பசங்களும்தான் குளிக்க வந்து முழுகறவங்களைத் தலைமுடியப் புடிச்சு இழுத்தாந்து போடறாங்க. என்னா பண்றது, திரும்பி உசிரோட வந்துடறானுங்க. மண்டபம் கெடைக்க மாட்டேங்குது.

உடைஞ்ச பாலத்தையும் பாக்கணுமா? வடக்கால போ, அடையாறு முகத்துவாரத்தாண்ட. 1967ல கட்டினாங்க, 1977ல தண்ணி புட்டுக்கினு போயிடுச்சு. முழுசா இருந்தப்ப கூடை தூக்கிக்கினு குப்பத்து சனம் நடந்துச்சு, ஒருத்தன் படம் எடுக்கல. உடைஞ்ச அப்பாலதான் மவுசு. சினிமாவுல காதல் தோத்தவன் எல்லாம் அதும் மேல நின்னு அழுவறான். அக்கரைக்குப் போறவங்க இன்னும் ஊரைச் சுத்திக்கினுதான் போறாங்க.

சரி, நாளைக்கு வெள்ளன வா. சித்திரையில வந்தா "தடைக்காலமாச்சே, மீனு ஏது"ன்னு சட்டம் பேசாத. அந்த 61 நாளும் விசைப்படகுக்குத்தான், நம்ம சின்னப் படகுக்கு இல்ல. கூடைக்காரம்மாவாண்ட போயி "ஃப்ரெஷ்ஷா?"ன்னு கேக்காத. "இல்ல சாமி, போன தீவாளிக்குப் புடிச்சது"ன்னு சொல்லும், உன்னால திருப்பிப் பேச முடியாது. ஏலம் விடறப்போ மட்டும் கையக் கட்டிக்கினு ஓரமா நில்லு. கொசு கடிச்சாலும் தலைய ஆட்டாத. எதிர்ல மாடி வூட்டு சார் ஒருத்தரு செல்போன்ல யாரோடயோ பேசிக்கினு "சரி, சரி"ன்னு தலைய ஆட்டினாரு. ஒரு கூடை காரப்பொடி மீனு அவரு பேருல முடிஞ்சுபோச்சு. வூட்ல சுத்த சைவமாம்.