காத்து வந்துடுத்தா?

சென்னையில் வெயில், கடும் வெயில், கத்திரி வெயில் என்று மூன்றே பருவங்கள்தான் என ஒரு பழைய ஜோக் உண்டு. டொராண்டோவிலிருந்து வரும் உறவினர்கள் இதைச் சொல்லிவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். அங்கே இலை சிவக்கும், பனி கொட்டும், அப்புறம் பூ பூக்கும் என்று போட்டோவும் காட்டுவார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாறுவதெல்லாம் ஒரு மாற்றமா? எங்கள் ஊரில் மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஒரு பருவம், இரண்டரைக்கு இன்னொன்று.

கடல்காற்றைச் சொல்கிறேன். தரை சூடேறி அதன் மேலிருக்கும் காற்று கிளம்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து ஈரக் காற்று வரும். பள்ளிக்கூடப் பாடம்தான். மலை தாண்டி இறங்கி, வழியெல்லாம் காய்ந்து வருகிற மேல்காற்று மே மாதத்தில் அதை மெரினாவிலேயே நிறுத்திவைத்துவிடும் என்பதைத்தான் பாடத்தில் அழுத்திச் சொல்லவில்லை. இந்த மல்லுக்கட்டில் கடல்காற்று தோற்கிற நாளில் நமக்கு வறுவல். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது என்று பஞ்சாங்கத்தை மூடிவைத்த பிறகு வந்த வெயில் அது.

எங்கள் வீடு மயிலாப்பூரில். அக்கா வீடு தி.நகரில். கோடையில் அத்திம்பேர் போன் செய்தால் குசலம் விசாரிக்க அல்ல.

“அங்க காத்து வந்துடுத்தா?”

“இப்பத்தான் அத்திம்பேர். காலண்டர் ஆடறது.”

“இங்க ஒரு இலை அசையலை.”

அந்தக் குரலில், பந்தியில் மாப்பிள்ளைக்கு முன்னால் மச்சினனுக்கு இலை போட்டுவிட்ட மனக்குறை தெரியும். நடுவில் நாலைந்து கிலோமீட்டர்தான். அதற்குள் எத்தனை அடுக்குமாடி, எத்தனை ஜவுளிக்கடை! காற்று எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு பனகல் பார்க் போய்ச் சேர வேண்டாமா? பெசன்ட் நகர்க்காரர்கள் இந்தப் பேச்சில் கலந்துகொள்வதே இல்லை. அவர்களுக்கு முன்னாலேயே வந்திருக்கும். சொன்னால் கண் படும் என்று பேசாமல் இருப்பார்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மாதம் தள்ளுபடி விற்பனையில் ரங்கநாதன் தெருவுக்குள் காற்று நுழையவே இடம் கிடையாது. சாயங்காலம் மேற்கே இடி இடித்தால் மாடியில் காயும் வடாம் மட்டும் அவசரமாகக் கீழே இறங்கும்.

ஐப்பசி பிறந்தால் ஊரே வானிலை ஆராய்ச்சிக்கூடம். வானிலை ஆய்வு மையத்து ரமணன் டிவியில் தோன்றிய காலத்தில் அவர் வாயிலிருந்து ‘கனமழை’ வருமா என்று பிள்ளைகள் லீவுக்காகக் காத்திருந்தார்கள். 2016-இல் அவர் ஓய்வு பெற்றார். அதிலிருந்து வீட்டுக்கு ஒரு ரமணன். லஸ் முனையில் ஆட்டோக்காரர், “தாழ்வு மண்டலம் ஆந்திரா பக்கம் ஒதுங்கிடுச்சு சார், நமக்கு ஓரம்தான்” என்கிறார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது.

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். பயந்த அளவுக்கு மழை வரவில்லை. கார்கள் இரண்டு நாள் நல்ல காற்று வாங்கின. இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் வெளியூர்க்காரர்களாக இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவருக்குச் சிரிப்பு வராது. அந்த நவம்பரில் மட்டும் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. நாலே வருஷம் கழித்து, 2019 கோடையில், அதே ஊர் குடத்தோடு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. ஒரு நகரம் இதற்கு மேல் எப்படி மாற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்?

அப்புறம் மார்கழி. வானத்தைப் பார்த்து அடுத்த வருஷ மழையைக் கணிக்கிற கர்ப்போட்ட நாட்களும் அந்த மாதத்தில்தான் வரும். மேகம் கூடினால் நல்லதாம். எங்கள் மாட வீதியில் அண்ணாந்து பார்க்கும் மாமாக்களுக்குக் குரங்குக் குல்லா கண்ணை மறைக்கும். இந்த ஊரில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. இருந்தாலும் இருபதுக்கு இறங்கினாலே மப்ளர், கஷாயம், விக்ஸ். பயப்பட வேண்டாத குளிருக்கு இவ்வளவு மரியாதை தருகிற ஊர் வேறு இருக்காது. இதில் நான் மாமாக்கள் கட்சி. வருஷத்தில் பத்து மாதம் வியர்க்கிறவனுக்குப் பாக்கி இரண்டு மாதம் நடுங்க உரிமை உண்டு.

சீசனுக்குக் கச்சேரி கேட்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரு சால்வை எடுத்துக்கொண்டு போங்கள். வெளியே 24 டிகிரி இருக்கும். உள்ளே ஏசி ரிமோட் யாரிடம் இருக்கிறது என்பது எந்த சபாவிலும் எவருக்கும் தெரியாது.