பிடுங்காதீர்கள், கிள்ளுங்கள்!

கேள்வி: ஆசையாக வைத்த ரோஜா பட்டுப்போகிறது. கூப்பிடாமலே வந்த மணத்தக்காளி தழைத்து நிற்கிறது. பிடுங்கிவிடலாமா?
– வாசகி, உத்தமபாளையம்

பதில்: பழத்தைத் தின்ற குருவி உங்கள் வீட்டில் விதை போட்டுவிட்டுப் போயிருக்கிறது, கூலியும் கேட்கவில்லை. அதைப் பிடுங்குவானேன்? 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையை நம்பி உங்கள் கம்பம் பள்ளத்தாக்கு நெல் நடுகிறது. இந்தச் செடிக்கோ அரிசி கழுவிய தண்ணீரே போதும். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக்கிளை வெடிக்கும். இலையின் கசப்பைப் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் அடக்கிவிடும்.

நன்கு கறுத்த பழத்தை அப்படியே தின்னலாம். பச்சைக் காயைச் சமைக்காமல் மெல்ல வேண்டாம். அதில் சோலனின் என்ற நச்சுப்பொருள் உண்டு. காயை உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்தால் வற்றல், வத்தக்குழம்புக்கு ஆயிற்று. வாய்ப்புண் வந்தால் பாட்டிமார் முதலில் தேடுவதும் இந்தக் கீரையைத்தான். வாயால் வந்த வம்புக்கு மட்டும் இதில் மருந்தில்லை.

இன்னோர் எச்சரிக்கை: திராட்சைப் பந்தலுக்கு அடியில் முளைத்ததைப் பறிக்காதீர்கள். கொடிக்கு அடித்த பூச்சிமருந்து கீரையிலும் விழுந்திருக்கும். வீட்டுக் கொல்லையில் முளைத்ததே உத்தமம்.