குணமாக 60 போதும்

நோயைக் குணப்படுத்த இரண்டு வழி உண்டு. மருந்து கண்டுபிடிப்பது ஒன்று. அதற்குக் காலமும் காசும் பிடிக்கும். குணமாகிவிட்டதாக அறிவிக்கும் அளவுகோலைச் சத்தமில்லாமல் கீழே இறக்கிவிடுவது இன்னொன்று. நாள்பட்ட சோர்வு நோய்க்கு பிரிட்டன் கண்டுபிடித்தது இரண்டாவது வழியை.

'பேஸ்' என்ற ஆய்வின் முடிவு 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 641 நோயாளிகள்; ஏறக்குறைய 50 லட்சம் பவுண்டு பொதுப்பணம். அதில் ஒரு பங்கைப் போட்டது, வேலை செய்ய முடியாதவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் அரசுத் துறை. பணம் கொடுக்க வேண்டிய இடத்துக்கே நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும் என்று இவ்வளவு அக்கறை! கண் கலங்குகிறது.

இந்த நோயின் அடையாளமே, சக்திக்கு மீறி எதைச் செய்தாலும் அது பின்னால் வந்து ஆளைச் சாய்த்துவிடும் என்பதுதான். தலைக்குக் குளித்து நாலு துணியைப் பிழிந்து போட்டவர், அடுத்தடுத்த நாட்களில் பல் துலக்கவே யோசிப்பார். அவருக்கு அந்த ஆய்வின் மேதைகள் எழுதிக் கொடுத்த மருந்து: நோயைப் பற்றிய உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள், உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போங்கள்.

மாடி ஏற முடிகிறதா, குனிய முடிகிறதா, தானே குளிக்க முடிகிறதா என்று கேட்டு 100க்கு மதிப்பெண் போட்டார்கள். 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் இடம். அதாவது, அவ்வளவு முடியாதவராக இருக்க வேண்டும். குணமானவர் என்று எழுத 85 வேண்டும் என்பது முதலில் போட்ட திட்டம். பிறகு அதை 60 ஆக்கினார்கள். 65 வாங்கி உள்ளே வந்தவர் 60க்குச் சரிந்தாலும், இந்தக் கணக்கில் அவர் தேறிவிட்டார்! ஆய்வில் சேர்ந்த நாளிலேயே 13 சதவீதம் பேர், குணத்துக்கான முக்கிய அளவுகளில் ஒன்றையாவது எட்டியிருந்தார்கள். தொடங்குவதற்கு முன்பே பலன் தரும் வைத்தியம் நம் சித்தர்களுக்கும் கைவரவில்லை.

இந்த வைத்தியம் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் குணம் என்று 2013இல் முரசறைந்தார்கள். பயிற்சி செய்தவர்கள் ஓராண்டு கழித்து ஆறு நிமிடத்தில் நடந்தது சராசரியாக வெறும் 379 மீட்டர். அதைப் பற்றி முரசு எதுவும் சொல்லவில்லை.

இந்த ஆய்வின் மூலத் தரவைக் கேட்டவர், ஆஸ்திரேலியாவில் அதே நோயோடு போராடிய ஒருவர். கொடுக்க மறுத்து, தரவை வைத்திருந்த லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் வழக்குக்கு 2 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்தது. தரவு வெளியானால் ஆய்வாளர்களின் பாதுகாப்புக்கு ஆபத்து வரும் என்றும் சொன்னது. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களைக் கண்டு பயம்! தீர்ப்பாயம் ஆதாரம் தேடியபோது கிடைத்தது ஒன்றுதான்: ஒரு கருத்தரங்கில் யாரோ ஒருவர் எழுந்து குறுக்கே கத்தியிருக்கிறார். 2016இல் தரவைக் கொடுக்க உத்தரவானது. பழைய அளவுகோலை வைத்து மறுபடி கூட்டிப் பார்த்தால், 22 ஒற்றை இலக்கமாகிவிட்டது.

நோயாளியை நம்பாமல் இருப்பது புதிய கலை அல்ல. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஊழியர்கள் கிட்டத்தட்ட 300 பேர் இதே போன்ற நோயில் விழுந்தார்கள். 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள், நோயாளி ஒருவரைக்கூட நேரில் பார்க்காமல், பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிவிட்டு "கூட்டு ஹிஸ்டீரியா" என்று முடிவுகட்டினார்கள். அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று, விழுந்தவர்களில் பெண்கள் அதிகம் என்பது. பெண் சொன்னால் பொய். அதற்கு ஆராய்ச்சி வேறு.

நம் ஊருக்கு வருவோம், வேறொரு நோயோடு. பாதம் எரிகிறது, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்று போனால், நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்ப்பார்கள். "ரிப்போர்ட் நார்மல்மா, மனசை லேசா வச்சுக்குங்க." அந்தச் சோதனை அளப்பது தடித்த நரம்புகளை. வலியையும் சூட்டையும் சுமக்கும் மெல்லிய நரம்புகள் அதில் தெரியவே தெரியாது. தோலில் சிறு துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மீன் வலையில் கொசு சிக்கவில்லை, ஆகவே ஊரில் கொசு இல்லை! வலிக்குக் கொடுக்கும் மாத்திரை தூக்கத்தை இழுத்துக்கொண்டு வரும். உடனே வீட்டில், "எந்நேரமும் தூக்கந்தான், உடம்பு எப்படித் தேறும்?" அத்தை வந்தால், "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்." 'பேஸ்' ஆய்வாளர்கள் அத்தையைக் கலந்தாலோசித்திருந்தால் 50 லட்சம் பவுண்டு மிச்சமாகியிருக்கும்.

பிரிட்டனில் உதவித்தொகையை வெட்டுவதற்காவது அரசுக்கு நாள்பட்ட சோர்வு நோய் ஞாபகம் இருந்தது. இங்கே 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இதன் பெயரே இல்லை. மறுக்கும் சிரமம்கூட அரசுக்குக் கிடையாது.

2021 அக்டோபரில், பெரிய மருத்துவச் சங்கங்களின் முட்டுக்கட்டையைத் தாண்டி, சிகிச்சை நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது: ஏற்றிக்கொண்டே போகும் உடற்பயிற்சியை இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கக் கூடாது. அதற்குள் நடக்கச் சொல்லி நடந்து, நிரந்தரமாகப் படுக்கையில் விழுந்ததாகச் சொல்பவர்கள் ஏராளம். அவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. லான்செட்டோ, அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை.